ஏ.ஆர். புக்கில் இருக்கும் "தெரிந்த நபர்"

1/
ஊர்ப் பாதுகாப்பு பற்றி யார் பேசினாலும் முதலில் வருவது சிசிடிவி கேமரா. அடுத்து வருவது "வெளியூர் ஆளுங்க நடமாட்டம் ஜாஸ்தியாயிடுச்சு". சுற்றுவட்டார கிராம மக்கள் வந்து போகிற ஒரு அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு டூட்டி பார்ப்பவன் நான். இந்த விஷயத்தில் என் பார்வை கொஞ்சம் வேற. நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/
அடிதடி, வெட்டுக்காயம், வண்டியில் விழுந்தது, மருந்து குடிச்சது, தீக்காயம்... இப்படி யார் வந்தாலும் சிகிச்சையோடு சேர்த்து டூட்டி டாக்டர் ஒரு பதிவும் போட வேண்டும். அதன் பெயர் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், சுருக்கமாக ஏ.ஆர். கோர்ட், கேஸ் என்று அலைந்தவர்களுக்கு "ஏ.ஆர். காப்பி" என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும்.

3/
அடிதடி கேஸ் என்றால் அதில் கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்தான் இருக்கும். "இன்ன தேதி, இத்தனை மணிக்கு, இன்ன இடம் அருகே, தெரிந்த 2 நபர்களால் கட்டையால் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார்." அவ்வளவுதான். எப்போ, எங்கே, எதால, யாரால என்று நாலு கேள்விக்குப் பதில். யாரால என்பதற்குப் பெயர் எழுத மாட்டோம், அது போலீஸ் வேலை. தெரிந்த நபரா, தெரியாத நபரா, எத்தனை பேர் என்பது மட்டும்தான்.

4/
இந்த "தெரிந்த", "தெரியாத" என்ற ஒற்றைச் சொல்லைத்தான் நான் பேச வந்தேன். கிராமப்புற கேஷுவாலிட்டியில் வேலை பார்த்த எந்த டாக்டரையும் கேட்டுப் பாருங்க. "தெரியாத நபர்" எப்போதாவதுதான் வருவார். மச்சான், பங்காளி, பக்கத்துக் காட்டுக்காரர், புருஷன், நேத்து வரைக்கும் சேர்ந்து குடிச்ச நண்பன்... பக்கம் பக்கமாக இருப்பது தெரிந்த நபர்தான்.

5/
இது என் அனுபவம் மட்டும் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் (என்.சி.ஆர்.பி.) வருஷா வருஷம் வெளியிடும் அறிக்கையிலும் இதே கதைதான். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர். கொலைக்கான காரணங்களில் முதலிடம் கொள்ளைக்கோ ஆதாயத்துக்கோ இல்லை, தகராறுக்கு. ஆனால் ஊர் பயப்படுவதோ தெரியாத நபருக்கு.

6/
அந்தப் பயம் உயிரையும் வாங்கியிருக்கிறது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம். குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் காரை நிறுத்தி வழி கேட்ட குடும்பம் அது. அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார் அந்த வயதான அம்மா. "புள்ள புடிக்கிறவங்க" என்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. ஊரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தவர்கள் செய்த கொலை அது.

7/
"அப்போ கேமரா வேண்டாம்கிறீங்களா டாக்டர்?" வேணும். பஸ் ஸ்டாண்டு, மெயின் ரோடு, செயின் பறிப்பு, வண்டி திருட்டு இதுக்கெல்லாம் கேமரா உதவும், ஆளைக் கண்டுபிடிக்க. ஆனால் கேமராவுக்கு வீட்டுக்குள்ளே நடப்பது தெரியாது. வரப்பில் நடப்பதும் தெரியாது. பெரும்பாலும் நடந்து முடிந்த பிறகுதான் அதைப் போட்டுப் பார்க்கிறோம். அதற்குள் ஆள் என் டேபிளுக்கு வந்திருப்பார்.

8/
சரி, தடுக்கிறது எப்படி? வழிகாட்டுவதற்கு ஒரு உதாரணம் இருக்கு. வேல்ஸ் நாட்டின் தலைநகர் கார்டிஃப். அங்கே ஜோனாதன் ஷெப்பர்ட் என்ற முக, தாடை அறுவை சிகிச்சை நிபுணர் உடைந்த தாடைகளைச் சரிசெய்து அலுத்துப் போய் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் பெரும் பகுதியினர் போலீஸ் கணக்கிலேயே இல்லை.

9/
அவர் என்ன செய்தார்? அடிபட்டு வருபவர்களிடம் எங்கே, எப்போ, எந்த ஆயுதம் என்று கேட்டுப் பதிய வைத்தார். பெயர், விலாசம் எல்லாம் நீக்கிவிட்டு அதைப் போலீஸிடமும் நகராட்சியிடமும் தொடர்ந்து கொடுத்தார். எந்தத் தெரு, எந்த மதுக்கூடம், எந்த நேரம் என்று படம் தெளிவாகத் தெரிந்தது. ரோந்து மாறியது. ஒரு தெருவில் வண்டிகளை நிறுத்தினார்கள். உடைத்துக் குத்த முடியாத கண்ணாடி டம்ளர்கள் வந்தன.

10/
பலன்? 2011ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வின்படி, வன்முறைக் காயத்தால் மருத்துவமனையில் சேர்வது கார்டிஃபில் மாதத்துக்கு லட்சம் பேருக்கு 7லிருந்து 5 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் அதைப் போன்ற மற்ற நகரங்களில் 5லிருந்து 8 ஆகக் கூடியது. ஒப்பிட்டால் 42 சதவீதம் குறைவு. பெரிய மெஷின் எதுவும் வாங்கலை. இருக்கிற தகவலைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள்.

11/
இப்போ நம்ம ஏ.ஆர். புக்கைத் திரும்பப் பாருங்க. எப்போ, எங்கே, எதால, யாரால. கார்டிஃப் டாக்டர் புதிதாகக் கேட்க ஆரம்பித்த கேள்விகளை நம்ம டாக்டர்கள் ரொம்ப காலமாக எழுதிக்கிட்டுத்தான் இருக்காங்க. போலீஸுக்கும் தகவல் போகிறது. ஆனால் ஒவ்வொன்றாகப் போகிறது. ஒரு ஏ.ஆர்., ஒரு கேஸ், ஒரு கோர்ட். தனித்தனியாகப் படித்தால் தண்டனைக்கு உதவும். சேர்த்துப் படித்தால்தான் தடுப்புக்கு உதவும். அந்த ரெண்டாவது வேலை நடப்பதில்லை.

12/
சாலை விபத்தில் இதை நாம ஏற்கெனவே செய்கிறோம். சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் 3 வருஷத்தில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்து, அல்லது 10 மரணம் நடந்தால் அந்த இடம் பிளாக் ஸ்பாட். வேகத்தடை, விளக்கு, எச்சரிக்கைப் பலகை எல்லாம் வைக்கிறார்கள். டிரைவர் மேல் கேஸ் தனி, ரோட்டைச் சரிசெய்வது தனி. அடிதடிக்கும் பிளாக் ஸ்பாட் உண்டு. அதைத்தான் யாரும் குறிப்பதில்லை.

13/
உதாரணத்துக்கு, ஒரு ஒன்றியத்தின் ஒரு வருஷ ஏ.ஆர். பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்க. டாஸ்மாக் கடை ராத்திரி 10 மணிக்கு மூடுகிறது. அங்கிருந்து ஊருக்கு வரும் விளக்கில்லாத ரோட்டில் 10 மணியிலிருந்து 11 மணிக்குள் அடிதடி குவிந்திருந்தால், அது தனித்தனி மனிதர்களின் கோபம் மட்டும் இல்லை. இடமும் நேரமும் சேர்ந்து உண்டாக்கும் பிரச்சினை. நாலு விளக்கும் அந்த ஒரு மணி நேர ரோந்தும் பாதியைக் குறைக்கும் வாய்ப்பு உண்டு.

14/
இன்னொன்று வரப்புத் தகராறு. "ஒரு அடி எம்பக்கம் வந்துட்டான் சார்." கையில் மண்வெட்டி ஏற்கெனவே இருக்கும், புதுசாக ஆயுதம் தேட வேண்டியதே இல்லை. இதில் பல குடும்பங்கள் நிலத்தை அளந்து கல் போடச் சொல்லி மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள். சர்வேயர் வர எத்தனை மாசம் தள்ளிப் போகுதோ, அத்தனை மாசம் அந்த ரெண்டு வீட்டுக்கும் நடுவில் தினமும் உரசல். என்னைக் கேட்டால் எல்லைக் கல்லும் ஒரு குற்றத் தடுப்புக் கருவிதான். அது லேட்டானால் தையல் நாங்கள் போடுகிறோம்.

15/
அடுத்தது வீட்டுக்குள். "படியில வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்." வழுக்கி விழுபவர்களுக்குப் பெரும்பாலும் உள்ளங்கை, முழங்கால், மணிக்கட்டில் அடிபடும். அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியவருக்கு முன்கையின் வெளிப்பக்கம், சுண்டுவிரல் பக்கமாக அடி இருக்கும். ஒரு காயம் நீலமாகவும் ஒரு காயம் மஞ்சளாகவும் இருந்தால் ரெண்டும் வேறவேற நாளில் பட்டதாக இருக்கலாம். உடம்பு சொல்வதும் வாய் சொல்வதும் வேறவேறயாக இருக்கும்.

16/
இந்த வன்முறைக்கு ஒரு குணம் உண்டு, அது ஒரு தடவையோடு நிற்காது. முதலில் கன்னம் வீங்கி வருவார். அப்புறம் கை உடைந்து வருவார். ஒரு நாள் மருந்தைக் குடித்துவிட்டு வருவார், அல்லது பேச்சு மூச்சில்லாமல் தூக்கி வருவார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கம்பக்கத்துக்குச் சத்தம் கேட்டிருக்கும். "புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு" என்று கதவைச் சாத்தியிருப்பார்கள்.

17/
நமக்கெதுக்குன்னு விட வேண்டியதில்லை. 2005ஆம் வருஷத்து குடும்ப வன்முறைச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்று இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் உட்பட யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் சிவில், கிரிமினல் வழக்கு எதுவும் வராது என்று சட்டத்திலேயே இருக்கிறது. பாதுகாப்பு அலுவலர் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருப்பார். போன் என்றால் 181.

18/
குழந்தைகள். ஓடி விளையாடுற பிள்ளைக்கு முழங்கால், அதற்குக் கீழே உள்ள முன்கால் எலும்பு, நெற்றியில் சிராய்ப்பு சகஜம். காது, கழுத்து, வயிறு, முதுகில் கன்றிப்போன தடம் இருந்தால் சந்தேகப்படணும். இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காத கைக்குழந்தைக்கு எங்கே தடம் இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டணும். பால்வாடி டீச்சர், பள்ளிக்கூட ஆசிரியர், பாட்டி எல்லோரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

19/
பாலியல் துன்புறுத்தல் என்றால் போக்சோ சட்டம் (2012) தெளிவாக இருக்கிறது. தெரிந்தவர் தகவல் சொல்லியே ஆக வேண்டும். மறைப்பதே குற்றம். "ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சுட்டோம்" என்பது இங்கே செல்லாது. பெரியவர்களோ குழந்தைகளோ, புகார் எழுதிக் கொடுத்தால்தான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. இலவச சிகிச்சை சட்டப்படி உரிமை. குளிக்காமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் சீக்கிரம் வாங்க. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

20/
தெரியாத நபர் உண்மையிலேயே ஆபத்தாகும் இடமும் உண்டு, மறுக்கவில்லை. கொங்குப் பகுதியில் ஊரை விட்டு ஒதுங்கி இருக்கும் தோட்டத்து வீடுகள். 2024 நவம்பரில் பல்லடம் அருகே ஒரே வீட்டில் மூன்று பேர், 2025ல் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி கொல்லப்பட்டார்கள். பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் தனியாக. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் கிடையாது.

21/
டாக்டராக என் கவலை நேரம். ராத்திரி அடிபட்டு விழுந்த ஒருவரைக் காலையிலோ, ரெண்டு நாள் கழித்தோ பார்த்தால் காப்பாற்ற ஒன்றுமில்லை. அதனால் தனியாக இருக்கும் ஒவ்வொரு பெரியவரையும் தினமும் காலையும் இரவும் யாராவது ஒருவர் விசாரிக்கணும். பால் சொசைட்டிக்குப் பால் வரவில்லையா, உடனே ஒரு போன். மகனோ மகளோ ராத்திரி 8 மணிக்கு ஒரு போன். எடுக்கலைன்னா பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு போன். செலவே இல்லாத ஏற்பாடு இது.

22/
2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கே தன்னார்வலர் வருகிறார். தனியாக இருக்கும் முதியவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். பீட் போலீஸ் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தை மெயின் ரோட்டில் மட்டும் வைக்காமல் அந்தத் தோட்டங்களிலும் வைக்கலாம். பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: நகையும் பணமும் வீட்டில் இருக்க வேண்டாம், பேங்கில் இருக்கட்டும்.

23/
கள்ளச்சாராயத்தையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூன், கள்ளக்குறிச்சி கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாராயம் விற்பவர் எந்த ஊரிலும் தெரியாத நபராக இருக்க முடியாது, தெரிந்தால்தானே வியாபாரம். குடித்துவிட்டுக் கண் மங்கலானால், வயிறு வலித்தால், மூச்சு வாங்கினால் உடனே வாங்க. "போலீஸ் வரும்"னு பயந்து காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கண்ணையும் உயிரையும் கொண்டு போகும். மாற்று மருந்தும் டயாலிசிஸும் நேரத்துக்கு வந்தவர்களுக்குத்தான் பலன் தரும்.

24/
"ஊர் விஷயத்தை ஊருக்குள்ளயே முடிச்சுக்கலாமே, நாளைக்கு ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கணுமே" என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆடு மேய்ந்தது, குழாயடிச் சண்டை, வாய்க்கால் முறை எல்லாம் பேசி முடிக்கலாம். முடிப்பதுதான் நல்லது, அதுவும் அரிவாள் வெளியே வருவதற்கு முன்னாடி. ஆனால் பெண் மேல் கை வைத்தது, குழந்தை மேல் கை வைத்தது, சாதியைச் சொல்லி அடித்தது இந்த மூன்றிலும் ஊர் பேசி முடித்தால் பலசாலிக்குத்தான் தீர்ப்பு. இதுக்குச் சட்டம்தான் வழி.

25/
ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஏ.ஆர். தகவலைச் சேர்த்துப் படிப்பது என்றால் நோயாளியின் பெயரோ, வீடோ, சாதியோ வெளியே போவது இல்லை. இடம், நேரம், ஆயுதம், தெரிந்தவரா தெரியாதவரா என்பது மட்டும் போதும். "அந்தத் தெருக்காரங்களே அப்படித்தான்" என்று ஒரு பகுதி மக்கள் மேல் முத்திரை குத்த இந்தத் தகவல் பயன்பட்டால், அது இல்லாமல் இருப்பதே மேல். விளக்கு போடுவதற்கு மட்டும்தான் இது, விரல் நீட்டுவதற்கு இல்லை.

26/
அரசிடம் என் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் மாசத்துக்கு ஒரு பக்கம். பெயரில்லாத அடிதடிப் பதிவுகளின் தொகுப்பு. அதை மாவட்ட அளவில் சுகாதாரத் துறை, காவல் துறை, வருவாய்த் துறை, ஊரக வளர்ச்சித் துறை நாலும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும். தகவல் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. சேர்க்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

27/
உங்களிடம் என் கோரிக்கை. கிராம சபை வருஷத்துக்கு 6 நாள் கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பொது ரோட்டுக்கு விளக்கு போடுவது 1994ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமை, சலுகை இல்லை. எந்த இடத்தில் விளக்கு வேண்டும் என்று இடத்தின் பெயரோடு தீர்மானம் போடச் சொல்லுங்க. தனியாக இருக்கும் பெரியவர்களை யார் விசாரிப்பது என்று அதே கூட்டத்தில் ஆள் பிரிச்சுக்கோங்க.

28/
போனில் பதிந்து வைக்க வேண்டிய எண்கள்:
அவசர உதவி, போலீஸ் 112
ஆம்புலன்ஸ் 108
பெண்கள் 181
குழந்தைகள் 1098
முதியோர் 14567
வீட்டுச் சுவரில் பெரிசா எழுதி ஒட்டுங்க. பாட்டிக்குக் கண்ணாடி இல்லாமலும் தெரியணும்.

29/
அடுத்த கிராம சபையில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "போன வருஷம் நம்ம ஊர்ல அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க எந்த இடத்துல, எத்தனை மணிக்கு அடிபட்டாங்க?" யாரிடமும் முழுப் பதில் இருக்காது. ஆனால் கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு தெரியும். அந்தத் துண்டுகளை அன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதி வையுங்க. வேலை அங்கேதான் தொடங்குது.